பாரிசுக்குப் போய்வந்த வெண்கல இலை

பாரிஸ் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி முதல் காரியமாக மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே பதினெட்டு ஆட்டுத்தோல் மாதிரிகள். திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில் பதனிட்டு, சாயம் ஏற்றி, ஓரம் வெட்டி, எண் ஒட்டியவை. தோல் கண்காட்சிக்கான அழைப்பிதழை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு தோலையும் உதறினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர்களுடைய பெண்கள் கையில் தொங்கும் பைகளெல்லாம் எந்த மரத்தில் காய்த்தன என்று கேட்க நாக்கு துடித்தது. எனக்கு அவர்கள் மொழி தெரியாது. அது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

என் சவரப் பெட்டியை அவர்கள் திறக்கவில்லை. அதற்குள் ஒரு பழைய வேட்டித் துண்டில் முடிந்து, கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெண்கல இலை இருந்தது. முதலாளிக்குத் தெரியாமல் நான் கொண்டுபோன சரக்கு அது. ஆரோக்கியம் அக்காவின் பெயர் அந்த இலையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கிராமம் திண்டுக்கல் ஆத்தூர்ப் பக்கம், அணைத் தண்ணீர் பாய்கிற நஞ்சையோரம். பெயர் வேண்டாம், இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். அங்கே மாதா கோயில் பீடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு விளக்குகள் நிற்கின்றன. பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். வெள்ளைப் பளிங்கில் உருண்ட அடி. அதைச் சுற்றி வெண்கலத்தில் பூச்சரம், மூன்று பக்கமும் கொம்பு சுருண்ட ஆட்டுத்தலை. மேலே கொடி மாதிரி மூன்று கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு மெழுகுவர்த்திக் கிண்ணம். ஊருக்குள் அதன் பெயர் ஆட்டுத்தலை விளக்கு. திருவிழாவில் ஆறு திரியும் எரியும்போது அந்த ஆடுகளுக்கு மூச்சு வரும்.

ஆரோக்கியம் என் பெரியம்மா மகள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். மகன் மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, மாதாவின் விளக்கைச் சாகும்வரை நான் கழுவுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். இருபது வருஷம். வருஷா வருஷம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை கிணற்றடியில் உட்கார்ந்து, புளியைக் கரைத்து, செங்கல் பொடியைத் தொட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பாள். எங்கள் பக்கத்தில் வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் வேறு குளியல் கிடையாது. கழுவித் துடைத்து வைத்தால் கோயிலே வெளுத்துப் பளிச்சென்று இருக்கும். "ஆரோக்கியம் கை பட்டா இரும்பும் மினுங்கும்" என்று பங்குப் பேரவைத் தலைவர் சவரிமுத்துவே மைக்கில் பாராட்டியிருக்கிறார்.

பிறகு சென்னையிலிருந்து பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் காரில் வந்தார். சவரிமுத்துதான் வரவழைத்தார். விளக்கை விற்று அலங்கார வளைவும் கல்யாண மண்டபமும் கட்டும் யோசனை. வந்தவர் விளக்கைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது முழுக்கத் தங்கம் பூசின விளக்கு. தங்கம் எங்கே? யாரோ உரிச்சிட்டாங்க."

அவர் கார் ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை ஊரில் இறங்கிக்கொண்டது. அதில் தங்கம் இருந்தது என்பதே அதுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த அதே நிமிஷத்தில் அது திருட்டும் போய்விட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சவரிமுத்து அறிவிப்பு வாசித்தார். "நம்ம கோயில் விளக்கின் தங்கம் காணாமல் போனது சம்பந்தமாக, விளக்குப் பொறுப்பில் இருந்த ஆரோக்கியம் கோயில் சாவியை ஒப்படைக்க வேண்டியது." திருடி என்று சொல்லவில்லையாம். தங்கம், காணாமல், ஆரோக்கியம். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் விட்டால் மலையடி வரைக்கும் கேட்கும். கேட்டது.

விளக்குகளைக் கோயில் அறைக்குள் தூக்கி வைத்து, திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பி ஏழு லீவர் பூட்டு வாங்கி மாட்டினார்கள். தங்கம் போன பிறகு பூட்டு.

அக்கா தினமும் மல்லிகை மூட்டையோடு திண்டுக்கல் பூச்சந்தைக்கு டவுன் பஸ்ஸில் போகிறவள். மறுநாள் பஸ்ஸில் சவரிமுத்துவின் மனைவி லூர்து பக்கத்தில் இடம் இருந்தது. இவள் உட்கார்ந்ததும் லூர்து சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டாளாம். அன்றிலிருந்து அக்கா பஸ்ஸில் உட்கார்வதில்லை. பூ மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றே போகிறாள், நின்றே வருகிறாள்.

நான் பாரிஸ் போவது தெரிந்து ஒரு சாயங்காலம் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இலையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த வெளக்குலருந்து வந்ததுதான். இந்தத் தடவ கழுவயில கழண்டு விழுந்துச்சு. ஈயம் வச்சு ஒட்டிக் குடுத்துருவோம்னு பெட்டிக்குள்ள போட்டேன். அதுக்குள்ள இப்படிச் சொல்லிப்புட்டாக. இப்பக் கொண்டுபோய்க் குடுத்தா, பாத்தியா எலையையும் எடுத்துருக்கான்னு சொல்லுவாக. குடுக்காட்டி நான் நெசமாவே திருடி. ஏலே, அந்த ஊருலதான செஞ்சாக? நான் என்ன செஞ்சேன்னு அங்கன கேட்டுட்டு வா."

கண்காட்சியின் முதல் நாள் நின்றே கழிந்தது. மதியச் சாப்பாடு ஒரு முழ நீள ரொட்டி. அதன் வயிற்றைக் கிழித்து ஒரு இலைக் கோசும் குளிர்ந்த இறைச்சியும் வைத்திருந்தார்கள். கடித்தால் மேல் அண்ணம் கீறியது. ஒரு தேசமே தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் எப்படித் தின்கிறது என்று வியந்தபடி தண்ணீர் குடித்து இறக்கினேன். எங்கள் தோலைத் தடவிப் பார்த்த ஒரு கனவான் "இந்தியாவா? விலை குறையும்" என்று தன் உதவியாளரிடம் சொன்னதைப் பக்கத்துக் கடைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். தோலின் தரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் கண்டக்டர் இறங்கி, அடுத்தது எப்போது, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்வார். அங்கே ஒரு பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது, அத்தனை ஜனமும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனது. இரண்டு மணி நேரம் நடந்தேன். ஆறு கூடவே வந்தது. பாலத்துக்குப் பாலம் விளக்கு, ஒவ்வொரு விளக்கின் கழுத்திலும் ஏதாவது ஒரு மாலை, ஒரு சிங்கமுகம். இந்த ஊர்க்காரர்கள் வெளிச்சத்துக்குக்கூட நகை போடுகிறவர்கள் என்று தோன்றியது. அந்த நகையில் ஒன்றுதான் என் அறையில் சவரக் கத்தியோடு கிடக்கிறது.

இரண்டாம் நாள், சோற்றைத் தேடி வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் தமிழ்க் கடைத்தெருவுக்குப் போனேன். சோறும் மீன்குழம்பும் கண்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் சிவா. யாழ்ப்பாணத்துக்காரர், பிரெஞ்சு உணவு விடுதி ஒன்றில் காய்கறி வெட்டுகிறார். இலையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த அக்கா இன்னும் நிண்டுகொண்டோ பஸ்ஸில போறா?"

"ஆமாம்."

"நாளைக்கு எனக்கு லீவு. வாங்கோ அண்ணை, இந்தச் சாமான் விக்கிற தெரு எனக்குத் தெரியும். முகத்தை மட்டும் கொஞ்சம் சாந்தமா வச்சிருங்கோ. நீங்கள் பாக்கிற பார்வைக்கு ஒருத்தனும் கதவு திறக்கமாட்டான்."

மறுநாள் அந்தத் தெருவில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துவிட்டேன். அதே பளிங்கு, அதே பூச்சரம், அதே கொம்பு. "ஆட்டுத்தல!" என்று நான் போட்ட கூச்சலில் நாய் பிடித்துக்கொண்டு போன ஒரு மாது ஒதுங்கி நடந்தாள். இந்த ஆடுகள் வேறு நிறம். வெயில் தாழ்ந்த பிறகு வைக்கோல் போரில் ஒரு மஞ்சள் படியுமே, அப்படி. சில இடம் பளிச்சென்றும் சில இடம் மங்கியும், ஒரு உடம்பில் வெயிலும் நிழலும் விழுந்தது போல இருந்தது.

மணி அடித்தோம். உள்ளிருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே கதவு திறக்கும் பொத்தானை அமுக்கலாமா என்று யோசித்தது கண்ணாடி வழியே தெரிந்தது. கடைசியில் அமுக்கினார். பட்டுக் கழுத்துத் துணி, வெள்ளி முடி. போன திருவிழாவில் திண்டுக்கல் ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்துக் கொடுத்த விளக்குப் போட்டோக்களை மேஜையில் பரப்பினேன். அவர் ஒன்றை எடுத்தார், உடனே கீழே வைத்தார்.

"கொலை எண்டு சொல்லுறார்," என்றார் சிவா.

"யாரை?"

"விளக்கை. உங்கட நாட்டில இதின்ர அருமை ஒருத்தருக்கும் தெரியாதோ, காட்டுமிராண்டிகளிட்டை ஏன் இது போச்சு எண்டு கேக்கிறார்."

சிவா சொன்ன சாந்தம் அதோடு முடிந்தது. "இவரைக் கேளுங்கள்," என்றேன். "இந்த விளக்கை இவர் ஒரு நாளாவது ஏற்றியிருக்கிறாரா?"

சிவா கேட்டார். அவர் சிரித்தார். மெழுகு வழிந்தால் பூச்சு கெட்டுவிடுமாம், கிண்ணத்தில் திரி வைப்பதாவது! ஒரு விளக்கைச் செய்து, அதை எரிய விடாமல் வைத்திருப்பதற்குப் பெயர் அருமை. எங்கள் ஊரில் அது வருஷா வருஷம் எரிந்தது. அதன் வெளிச்சத்தில் ஜனம் கூப்பிய கையோடு அழுதது, பிள்ளைக்குப் பெயர் வைத்தது, தூங்கி விழுந்தது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்ல ஒருவர் பட்டுத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! இவ்வளவையும் தமிழில் கத்தினேன். சிவா இதில் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மாறாக ஏதோ பணிவாகப் பேசி, பழுது பார்க்கிற ஒருவரின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

"என்ன சொன்னீர்கள்?"

"நீங்கள் அவரின்ர கடையைப் புகழுறீங்கள் எண்டு சொன்னன்."

நான்காம் நாள் காலை, ஊருக்குத் திரும்ப ஒரு நாள் மிச்சமிருக்கையில், அந்தப் பட்டறைக்குப் போனோம். நடைபாதையிலிருந்து நாலு படி கீழே இறங்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஐம்பது வயது அம்மா ஒருவர், ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் வெண்கலச் சிறகுமாக இருந்தார். இலையைக் கொடுத்ததும் ரொட்டியைக் கீழே வைத்தார், கையைக் கழுவினார். பூதக்கண்ணாடிக்கு அடியில் இலையைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். நான்கு நாட்களில் அந்த நகரத்தில் அந்த இலைக்கு மரியாதை செய்த முதல் ஆள்.

அவர் சொல்லச் சொல்ல சிவா தமிழில் சொன்னார். தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து வெண்கலத்தின் மேல் பூசிச் சூடு காட்டுவார்களாம். பாதரசம் புகையாகப் போகும், தங்கம் பிடித்துக்கொள்ளும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் கொட்டும், அற்ப ஆயுசில் போய்விடுவார்கள். அதற்குமேல் இரண்டாம் வேலை. சில இடத்தைக் கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். சில இடத்தை வேண்டுமென்றே மங்கலாக விடுவார்கள். இந்த இலையில் நரம்பு மினுக்கு, நரம்புக்கு இடைப்பட்ட பரப்பு மங்கல். "ரெண்டும் சேர்ந்தாத்தான் இலைக்கு உயிர் வரும் எண்டு சொல்லுறா."

கிணற்றடியில் அக்கா சலித்துக்கொள்வது காதில் கேட்டது. "எல்லா எடமும் மினுங்குது, இந்த எலையிலயும் ஆட்டு மூஞ்சியிலயும் மட்டும் களிம்பு போவேனாங்குது." எந்த இடத்தை அந்தக் கைகள் உயிரைக் கொடுத்து மங்கலாக விட்டனவோ, அந்த இடத்தை இந்தக் கைகள் அழுக்கு என்று நினைத்து இருபது வருஷம் அழுத்தித் தேய்த்திருக்கின்றன. பக்தியில் ஒரு அழுத்து, வெட்கத்தில் ஒரு அழுத்து.

எதால் தேய்த்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார் என்றேன். சிவா விவரமானவர், கடைத்தெருவிலிருந்து ஒரு பொட்டலம் புளி வாங்கி வந்திருந்தார். அந்த அம்மா அதை இலையில் வைப்பதற்கு முன் வாயில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார், இன்னும் கொஞ்சம் கிள்ளினார்.

"புளி தங்கத்தை ஒண்டும் செய்யாதாம். பளிங்கைத்தான் அரிக்குமாம். தங்கத்தைக் கொண்டுபோனது செங்கல் தூள். ஒவ்வொரு வருசமும் ஒரு தூசு."

"யாராவது உரித்து எடுத்திருக்க முடியுமா என்று கேளுங்கள்."

அவர் பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். இலையின் மேட்டில் வட்ட வட்டமாகக் கீறல், விரல் சுழன்ற தடம். நரம்பு பிரியும் இடுக்கில், இலை மடியும் கக்கத்தில், ஒரு நூல் கனத்துக்குத் தங்கம் அப்படியே நின்றது.

"உரிக்க இது தோல் இல்லையாம். எடுக்கிறதெண்டால் அமிலத்தில முக்கவேணும். அமிலம் மேடு பள்ளம் பாக்காது, இடுக்கில இருக்கிறதையும் தின்றுபோடும். இது கையால தேய்ச்சது. விரல் போகாத இடத்தில தங்கம் நிக்குது. இது களவு இல்லை, கழுவினது எண்டு சொல்லுறா அண்ணை."

"எழுதித் தரச் சொல்லுங்கள்."

எழுதினார். சிவா விடவில்லை. எங்கட ஆக்களுக்கு முத்திரை இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்று அவருக்கு விளக்கிச் சொல்ல, அந்த அம்மா சிரித்தபடி மூன்று இழுப்பறைகளைக் குடைந்து ஒரு முத்திரையைக் கண்டுபிடித்து அடித்தார். பச்சை மை. காசு வாங்க மறுத்துவிட்டார். புளியை வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

சென்னையில் இறங்கி, ரயில் பிடித்து, திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் பசித்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே பிரியாணி. சீரகச் சம்பா அரிசியும் மிளகுக் காரமும் உள்ளே போனதும் ஐந்து நாள் ரொட்டியின் கீறல் ஆறியது. ஆத்தூர் டவுன் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. "செத்த நேரம் எறங்கி நில்லுங்கப்பா, வேப்ப மரம் அந்தா இருக்கு" என்றார் கண்டக்டர். வேலைநிறுத்தத்தில் ஊமையாகக் கலைந்த அந்த ஜனத்தை நினைத்துக்கொண்டேன். ஆனால் இதே பஸ்தான். இதே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா நிற்கிறாள். இவ்வளவு பேசுகிற ஜனத்தில் ஒருவர்கூட அவளிடம் "உக்காரு ஆரோக்கியம்" என்று சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பேரவை கூடியது. வேப்பமரத்தடியில் நாற்காலிகள், சுற்றிலும் ஊர். நான் கடிதத்தை நீட்டினேன்.

"அடேங்கப்பா, பாரிசுக்காரரு வந்துட்டாரு," என்றார் சவரிமுத்து. வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "என்னப்பு இது, சீலு பச்சையா இருக்கு? கவுருமெண்டு சீலு ஊதாவுலல்ல இருக்கும்?"

இளவயது பங்குச் சாமியிடம் கொடுத்தார்கள். "எனக்குப் பிரெஞ்சு தெரியாதே" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். ஐயாயிரம் மைல் பறந்து வந்த நியாயம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் படபடத்துக்கொண்டு கிடந்தது. இந்தச் சவரிமுத்து, சென்னைக்காரன் ஒருவன் போகிற போக்கில் சொன்ன வார்த்தைக்கு முத்திரை கேட்டாரா? நிறம் கேட்டாரா?

வேறு வழியில்லாமல் இலையை எடுத்தேன்.

"பாத்தீகளா!" சவரிமுத்து எழுந்தே விட்டார். "எலையும் இவகிட்டத்தான் இருந்துருக்கு! இன்னும் என்னென்ன எடுத்து வச்சுருக்காளோ!"

கூட்டம் இரைந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள்.

"ஆமா, எங்கிட்டத்தான் இருந்துச்சு. கழண்டு விழுந்துச்சு, எடுத்து வச்சேன். குடுக்கப் பயந்தேன். எதுக்குப் பயந்தேன்னா, நீங்க இப்பப் பேசுனீக பாருங்க, இதுக்குத்தான். வெளக்க வெளிய கொண்டாங்க. தம்பி சொல்றத அதுல வச்சுப் பாருங்க. அதுலயும் நான் திருடின்னா, ஊர் என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறேன்."

ஏழு லீவர் பூட்டு அடம் பிடித்தது. எண்ணெய் விட்டுத் திறந்து விளக்குகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். சாமியின் டார்ச்சை வாங்கி ஆட்டுக்கொம்பின் சுருளுக்குள் அடித்தேன். சுருளுக்கு உள்ளே, பூச்சரத்தின் பின்புறத்தில், கிளை பிரியும் கக்கத்தில், மஞ்சளாக ஒன்று கண் விழித்தது. பட்டறை அம்மா சொன்னதைச் சொன்னேன். அமிலம் இடுக்கு பார்க்காது, விரல்தான் இடுக்குக்குள் போகாது.

"அதெல்லாம் வெள்ளக்காரி சொல்றது. நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் சவரிமுத்து.

"எனக்குத் தெரியும்."

சொன்னது லூர்து. அவருடைய மனைவி. மேஜைக்குப் பக்கத்தில் வந்து கொம்புக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு ஊர் முழுக்கப் பார்க்க, சேலைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே இழுத்து, டார்ச் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"இந்தா பாருங்க. கழுத்துல ஒரசுற பக்கம் வெளுத்துப்போச்சு. கண்ணிக்கு உள்ளாற பாருங்க, வாங்குன அன்னைக்கு இருந்த மஞ்சள். கவரிங் போட்ட பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் இது தெரியும். ஆம்பளைக நீங்க என்னத்தக் கண்டீக? தேஞ்சு போனது இப்படித்தான் இருக்கும். ஆரோக்கியம் எடுக்கல."

தலைவர் வீட்டுச் சங்கிலி கவரிங் என்பது விளக்குத் தங்கத்தைவிடப் பெரிய செய்தி. சவரிமுத்துவின் முகம் கருத்தது. "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்றார் பல்லுக்குள்.

"அசலு எங்கன அடகுல இருக்குன்னு இங்கனயே வேணாப் பேசுவோமா?" என்றாள் லூர்து. பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமி மறைத்தார்கள். அவள் அக்கா பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் பஸ்ஸுல நான் மூடுனது உன்னய நம்பாம இல்லடி. நீ கிட்டக்க உக்காந்தா வெளுத்தது தெரிஞ்சுரும்னு மூடுனேன். நீ எந்திரிச்சுப் போயிட்ட. நானும் வாயத் தொறக்கல. அது என் தப்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கவரிங் சங்கிலியின் மானத்தைக் காப்பாற்ற, ஒரு மனுஷி மூன்று மாதம் நின்றுகொண்டே ஆத்தூருக்கும் திண்டுக்கல்லுக்கும் போய் வந்திருக்கிறாள்! ஆனால் மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரிலும் உண்மைக்காகத் தன்னுடையதில் ஒன்றை இழந்தவள் அந்த லூர்துதான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அக்கா இதையெல்லாம் கேட்டாளோ என்னவோ. டார்ச்சை என்னிடமிருந்து வாங்கி ஒவ்வொரு கொம்பாக உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதா தங்கம்?" என்றாள் மெதுவாக. "இந்த இடுக்கெல்லாம் நாரு போகல, விரலும் போகல. ஒழுங்காத் தேய்க்காம விட்டுட்டமேன்னு ஒவ்வொரு வருசமும் மாதாகிட்ட மன்னிப்புக் கேப்பேன்டா."

இனிமேல் புளியும் வேண்டாம் செங்கல்லும் வேண்டாம், காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும் என்று பட்டறை அம்மா சொன்னதைச் சொன்னேன். "தொடைக்கிறதுக்கு எதுக்குடா நேர்ச்ச?" என்றாள். ஒரு கொம்பை முந்தானையால் துடைத்துவிட்டு, "சரி, தொடைக்கிறேன்" என்றாள்.

சவரிமுத்து செருமினார். "சரி சரி, தெரியாம நடந்துபோச்சு. சாவிய அவகிட்டயே குடுத்துருவோம். இத்தோட விட்ருவோம்ப்பா."

"அதெப்படி?" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா பேசினாள்.

"மைக்குல சொன்னீக. மைக்குலயே சொல்லுங்க. அப்புறம் சாவிய வாங்கிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் நானும் இருந்தேன். சவரிமுத்து ஒரு தாளைப் பிரித்தார். தண்ணீர் மோட்டார் பழுது. திருவிழா வரி. யாருடையதோ ஒரு கறுப்பு வெள்ளாடு வழிதவறி வந்து கோயில் கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது, அடையாளம் சொல்லி ஓட்டிப்போகவும். ஆட்டைப் பற்றிச் சொல்லும்போது குரல் நன்றாகக் கணீரென்று இருந்தது. அதற்குப் பிறகு தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மைக்கை விட்டு முகத்தை ஒரு சாண் விலக்கி, சளசளவென்று ஓட்டினார். "...மேற்படி விளக்கு சம்பந்தமாக ஆரோக்கியம் மேல் எந்தக் குற்றமும்..." மைக் கீச்சிட்டது. முடிந்தது. தாளை மடித்துவிட்டார்.

கதவோரம் தூணில் சாய்ந்திருந்த நான் நிமிர்ந்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

பெண்கள் பக்கத்தில், நடுவரிசையில், அக்கா எழுந்து நின்றாள். பக்கத்தில் லூர்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அதே சங்கிலி, சேலைக்கு வெளியே.

"அண்ணே, கேக்கல," என்றாள் ஆரோக்கியம். "மைக்கப் பக்கத்துல வச்சு இன்னொருக்கச் சொல்லுங்க. போன தடவ மலையடி வரைக்கும் கேட்டுச்சு."

சவரிமுத்து சாமியைப் பார்த்தார். சாமி பீடத்திலிருந்து இறங்கி வந்து, மைக்கின் கழுத்தைப் பிடித்து அவர் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார். சவரிமுத்து மடித்த தாளைப் பிரித்தார்.

அக்கா உட்காரவில்லை. அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.